பேட்டரி தின்னும் பொம்மையா?

ஃபிலிம் கேமராக்கள் பற்றிய கட்டுரையில், ஆட்டோஃபோகஸ் (தானாகக் குவியம் பிடிக்கும்) ஃபிலிம் கேமராக்களைப் 'பேட்டரி தின்னும் பொம்மைகள்' என்று அதன் ஆசிரியர் ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் எஃப்80 கேமராவை மதுரையில் இன்றும் பயன்படுத்துகிறேன். இரண்டு சிஆர்123ஏ பேட்டரிகள் இல்லாமல் அது இயங்காது என்பதும், மின்னணு சிப் இல்லாத, கையால் குவியம் திருப்பும் பழைய மேனுவல் லென்ஸ்களைப் பொருத்தினால், ஒளியை அளக்கும் அதன் ஒளிமானி வேலை செய்யாது என்பதும் உண்மைதான். ஆனால் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை நிமிர்த்திப் பிடிக்க, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் வேண்டும்போது தோன்றும் கட்டக்கோடுகள் எத்தனை உதவி என்பதைப் பயன்படுத்தியவர்களே அறிவர். வழவழப்பான வெள்ளைத் தூணின் நடுவில் குவியப்புள்ளியை வைத்தால், அங்கே ஒளி வேறுபாடு இல்லாததால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறும். தூணின் விளிம்பு நிழலோடு சேரும் இடத்தில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தைப் பூட்டி, பிறகு சட்டகத்தை நகர்த்தினால் போதும். அத்துடன், வெண்மை சட்டகத்தை நிறைக்கும்போது ஒளிமானி ஏமாறிப் படம் இருண்டுவிடும் என்பதால், ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டி வைக்கிறேன்.

என்னைக் கேட்டால், நம் ஊரில் பேட்டரியைவிட வெயிலே பெரிய தொல்லை. சித்திரை மாதத்தில் ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்கிறேன். எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் ஈரம் படியும் என்பதால், இரண்டு மணி நேரம் வெளியில் வைத்த பின்னரே கேமராவில் ஏற்றுகிறேன். ஒருமுறை அவசரப்பட்டு, அழகர் ஆற்றில் இறங்கிய நாளன்று எடுத்த 36 படங்களிலும் புள்ளிகளைக் கண்டேன்.