ஏற்காடு மட்டும்தான் மலைச் சாலையா?

“கடலூர், புதுச்சேரிக்காரர்கள் மலைச் சாலையில் கார் ஓட்ட ஏற்காட்டுக்குத்தான் போக வேண்டும்; அதுவரை வெறும் சமவெளி” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. கல்வராயன் மலை எங்கே போயிற்று? கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக அந்த மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊருக்கு ஏறும் சாலையும் கிழக்குத் தொடர்ச்சி மலைச் சாலைதான். சேலம் வரை போகத் தேவையே இல்லை.

செஞ்சியையும் சமவெளிக் கணக்கில் சேர்க்க அவருக்கு எப்படி மனம் வந்தது? அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற கோட்டைக் குன்றுகளுக்கு நடுவே செல்கிறது. பெரிய ஏற்றம் கிடையாது, உண்மைதான். ஆனால் இருபுறமும் பாறை பாறையாய் அடுக்கிய குன்றுகள், உச்சியில் கோட்டை. அவ்வளவு அழகு!

கல்வராயனில் இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.