'ஹேட்' வந்தால் கேட்பவர் காத்திருப்பார்

மூன்று நாட்களாக எல்லோரும் பகிர்ந்துவரும் அந்தக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். 'நேற்று என்ன செய்தாய்?' என்ற கேள்விக்கு 'ஐ வென்ட் டு மதுரை' என்று பதில் சொன்ன பெண்ணை நிறுத்தி, 'போய் முடித்தாயிற்று அல்லவா, ஐ ஹேட் கான் (I had gone) என்றுதான் சொல்ல வேண்டும்' என்று திருத்துகிறார் அந்த ஆங்கிலப் பயிற்றுநர். வகுப்பே சிரிக்கிறது. அவள் சொன்னதுதான் சரி. அவர் திருத்தியதுதான் பிழை.

ஒரு செயல் முடிந்துவிட்டது என்பதற்காகவோ, நடந்து வெகுகாலம் ஆயிற்று என்பதற்காகவோ ஆங்கிலத்தில் 'ஹேட்' வராது. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் 'ராஜராஜன் பில்ட் இட்' என்ற சாதாரண இறந்தகாலமே அதற்குப் போதும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்பு, நான் கதவைப் பூட்டிய பிறகு உள்ளே தொலைபேசி ஒலித்தது என்றால், 'ஐ ஹேட் லாக்ட் த டோர் வென் த ஃபோன் ராங்' என்று 'ஹேட்' வந்துவிடுகிறது. கடந்த காலத்தின் ஒரு புள்ளியில் நின்று, அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது வேண்டும். நிற்க ஒரு புள்ளி இல்லையென்றால் 'ஹேட்' இல்லை. 1947இல் ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர், பேசும் நேரம், நிகழ்ந்த நேரம் ஆகியவற்றோடு நோக்கும் நேரம் என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்து விளக்கியது இதைத்தான்.

நம்மைத் தடுமாற வைப்பது நம் தமிழின் வளம். 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்று சொன்னால், போனதும் திரும்பி வந்ததும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அந்த 'இருந்தேன்'தான் ஆங்கிலத்தில் 'ஹேட்' ஆகிவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் ஆனது. முதல் வேலையில், 'போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்' என்பதை 'ஐ ஹேட் கான்' என்றே விடுப்புக் கடிதத்தின் முதல் வரியாக எழுதினேன். மேலாளர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்து, 'சரி, அப்புறம் என்ன நடந்தது?' என்று கேட்டார். சிரிப்பொலி எழுந்தது. அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த இலக்கணம் முழுவதும் அவருடைய கேள்வியிலேயே இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புரிந்தது: 'ஹேட்' என்றதும் கேட்பவர் அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கிறார். அதைச் சொல்லித்தர அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

'பிஃபோர், ஆஃப்டர் வந்தால் ஆங்கிலேயர்களே பல நேரம் ஹேட் போடுவதில்லையே' என்பீர்கள். உண்மைதான், எது முந்தியது என்பதை அந்தச் சொற்களே காட்டிவிடுகின்றன. ஆனால் 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் லெஃப்ட்' என்றால் ரயில் என் கண்ணெதிரே புறப்பட்டது. 'ஹேட் லெஃப்ட்' என்றால் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காணொளியில் அந்தப் பெண்ணிடம் 'நேற்று ஏன் வீட்டில் இல்லை?' என்று கேட்டிருந்தால் 'ஐ ஹேட் கான்' பொருந்தியிருக்கும். அங்கே நிற்க ஒரு புள்ளி இருக்கிறது. அவளிடம் அப்படிக் கேட்கவில்லை.

'புரிந்தால் போதாதா, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். புரிந்தால் போதும் என்றால் அவளை ஏன் நிறுத்தினார்கள்? சரியாகப் பேசிய ஒரு பெண், தன் வாக்கியத்தின் மீதே நம்பிக்கை இழந்து, துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்வதைப் பார்த்தீர்களா? அடுத்த முறை அவள் வாயைத் திறப்பாளா? காணொளியை நீக்கினால் போதாது. அதே பக்கத்தில், அதே குரலில், 'நீ சொன்னதுதான் சரி' என்று அவளிடம் அவர் சொல்ல வேண்டும்.