85 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது புகை

லாஸ் வேகாஸின் பழைய எம்ஜிஎம் கிராண்ட் விடுதியில் 1980 நவம்பர் 21 அன்று நடந்த தீ விபத்தைப் பற்றி யூடியூபில் எப்போது தேடினாலும் முதலில் வந்து நிற்பது பேய்தான். இருண்ட நடைகூடம், சிவப்பு எழுத்து, ஒரு பெண்ணின் அலறல், ‘இந்த மாடிக்கு மட்டும் போய்விடாதீர்கள்’ என்று அடித்தொண்டையில் பேசும் ஒரு குரல். லிஃப்டில் ஏறிய உருவம் காணாமல் போனதாம். மேல்மாடியில் தங்குபவர்களுக்கு நள்ளிரவில் புகை வாடை வருகிறதாம். ஆளில்லாத இடத்தில் யாரோ அழுகிறார்களாம். பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. 85 மனிதர்கள் செத்த இடம் அது. அவர்களுடைய பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எண்ணம் இவர்களுள் ஒருவருக்காவது வந்ததா?

இந்தக் கதைசொல்லிகளுள் சிலருக்கு எந்தக் கட்டடம் எரிந்தது என்பதுகூடத் தெரியவில்லை. இன்று எம்ஜிஎம் கிராண்ட் என்ற பெயரோடு நிற்கும் பச்சை நிறக் கட்டடம் 1993இல் திறக்கப்பட்டது. அந்தத் தீக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எரிந்தது 1973இல் திறக்கப்பட்ட 26 மாடி விடுதி. அது 1986இல் கைமாறி பாலிஸ் ஆனது, 2022இல் ஹார்ஸ்ஷூ என்று பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. கட்டடத்தையே மாற்றிக் காட்டுகிறவர், எந்த மாடியில் எந்த ஆவி அழுகிறது என்பதை மட்டும் அத்தனை உறுதியாகச் சொல்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அந்தக் காலையில் நடந்ததை விளக்க எந்த ஆவியும் தேவையில்லை. தரைத்தளத்தில் டெலி என்ற உணவகத்தில் தின்பண்டங்களைக் காட்சிக்கு வைக்கும் குளிர்பதனப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் இயந்திரம் அதிர அதிர, செப்புக் குழாய்கள் மின்கம்பி செல்லும் உலோகக் குழாயோடு உராய்ந்து, கம்பியின் உறை நைந்து, மின்கசிவு ஏற்பட்டு, யார் கண்ணிலும் படாமல் சுவருக்குள்ளேயே தீ கனன்றது. காலை ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு அது வெளியே தெரிந்தபோது உணவகத்தில் வாடிக்கையாளர் எவரும் இல்லை. அங்கிருந்து சூதாட்டக் கூடத்துக்குள் புகுந்த தீ, சில நிமிடங்களில் அதன் மறுகோடி வாசலைத் தாண்டிப் பீறிட்டது.

ஆனாலும் பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல. இறந்தவர்களுள் 61 பேர் தீ எட்டவே எட்டாத விடுதிக் கோபுரத்தில் இருந்தவர்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காகக் கட்டடத்தில் விடப்பட்டிருந்த இடைவெளிகள், லிஃப்ட் செல்லும் பாதைகள், மாடிப்படிகள், காற்றோட்டக் குழாய்கள் என்று கிடைத்த வழியிலெல்லாம் நச்சுப்புகை ஏறி மேல்மாடிகளை நிறைத்தது. விருந்தினர்களை எழுப்ப வேண்டிய அபாயமணி ஒலிக்கவே இல்லை. தப்பிக்க நினைத்து மாடிப்படிக்குள் நுழைந்தவர்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டின் பக்கத்திலிருந்து அதைத் திறக்க முடியாது. அந்தப் படிகளிலேயே ஒன்பது பேர் இறந்தார்கள், லிஃப்டுகளுக்குள் ஐந்து பேர். லிஃப்டில் உருவம் தெரிகிறது என்று பத்து நிமிடம் இழுக்கிறீர்களே, அந்த ஐந்து பேர் ஏன் அதற்குள் செத்தார்கள் என்று ஒரு நொடியாவது சொன்னீர்களா?

எனக்கு மிகுந்த ஆத்திரம் வருவது இதற்குப் பிறகான பகுதியை நினைக்கும்போதுதான். கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கருவிகள் அந்த விடுதியின் சில பகுதிகளில் இருந்தன. அவை இருந்த இடங்களில் தீ அடங்கியது. சூதாட்டக் கூடத்திலும் அந்த உணவகத்திலும் இல்லை. அங்கே 24 மணி நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், தீப்பிடித்தால் யாராவது உடனே பார்த்துவிடுவார்கள் என்று காரணம் காட்டி, அங்கெல்லாம் அவை வேண்டாம் என்று உள்ளூர்க் கட்டட அதிகாரி விலக்கு அளித்திருந்தார். பின்னாளில் உணவகம் இரவில் மூடப்படத் தொடங்கியது. விலக்கு மட்டும் அப்படியே நீடித்தது. மிச்சமானதாகச் சொல்லப்படும் செலவு 1,92,000 டாலர். வழக்குகளில் இழப்பீடாகக் கொடுத்தது 22 கோடி டாலருக்கும் மேல். இதைவிட நடுக்கம் தரும் எதை இந்தப் பேய்க்கதைகள் கண்டுபிடித்துவிட்டன?

இப்படியாவது இறந்தவர்களை நினைவில் வைத்திருக்கிறோமே என்று சிலர் வாதாடுகிறார்கள். யாரை நினைவில் வைத்திருக்கிறார்கள்? பெயரில்லாத ஒரு வெள்ளை உருவத்தையா? விடுமுறைக்கு வந்தவர்களையும் அங்கே வேலை பார்த்தவர்களையும் வருகிறவர்களைப் பயமுறுத்துகிற ஆவிகளாக்குவதற்கு நினைவு என்று பெயர் வைக்க என்னால் முடியாது. விடுதி சபிக்கப்பட்டது என்று சொன்னவுடன், விலக்கு அளித்தவரும் செலவை மிச்சப்படுத்தியவரும் கதையிலிருந்து ஓசையின்றி வெளியேறிவிடுகிறார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1981 பிப்ரவரி 10 அன்று அதே நகரின் ஹில்டன் விடுதியில் ஒருவர் வைத்த தீயில் மேலும் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுதான் நெவாடா மாநிலம் பழைய உயர்ந்த கட்டடங்களிலும் ஸ்பிரிங்க்ளர் பொருத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. இத்தனையையும் சொல்ல நான்கு நிமிடம் போதும். விடுதியில் அறை எடுத்ததும் படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் கதவு படிக்கட்டின் பக்கத்திலிருந்தும் திறக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள் எனப் பார்வையாளருக்கு ஒரு வரி சொல்லலாம். நான் பார்த்த எந்தப் பேய்க் காணொளியிலும் அந்த ஒரு வரி இல்லை.