ஓட்டை ஓரிடம், அடைப்பு வேறிடம்

2002 மார்ச் 11. நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்து சரியாக ஆறு மாதம். ஃப்ளோரிடாவின் வெனிஸ் ஊரிலிருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அமெரிக்கக் குடிவரவுத் துறையிலிருந்து தபால் வருகிறது. முகமது அட்டா, மர்வான் அல்-ஷெஹி இருவருக்கும் மாணவர் அந்தஸ்து கொடுத்தாயிற்றாம்! கோபுரங்களில் விமானத்தை மோதியவர்களே அவர்கள்தான்.

"முஸ்லிம் மாணவர்களை உள்ளே விடாதே" என்று இன்று கத்துகிறவர்களின் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவரான ஹானி ஹஞ்சூர் மாணவர் விசாவில்தான் வந்தார். 2000 டிசம்பரில், ஓக்லாந்தில் ஆங்கிலம் படிக்கிறேன் என்று சொல்லி இறங்கியவர் வகுப்புப் பக்கமே போகவில்லை. "ஆள் வரவில்லை" என்று உடனே தெரிவிக்கப் பள்ளிக்கும் வழியில்லை, தேடிப்போக அரசிடமும் ஆளில்லை. 1993-இல் அதே கோபுரத்துக்கு வெடிகுண்டு வேனை ஓட்டிப்போனவரும் மாணவர் விசாவில் வந்து படிப்பைப் பாதியில் விட்டவர். வெளிநாட்டு மாணவர்களுக்கு மின்னணுப் பதிவேடு வேண்டும் என்று 1996-லேயே சட்டம் போட்டார்கள். செவிஸ் என்ற அந்தப் பதிவேடு கட்டாயமானது 2003-இல்தான்.

அதன் பிறகும் ஓட்டை அடைபடவில்லை. பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் குற்றவாளியின் தடயங்களை மறைக்க உதவிய கசகஸ்தான் நண்பர், 2013 ஜனவரியில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு நியூயார்க் விமான நிலையம் வழியாக ஜம்மென்று உள்ளே வந்தார். செவிஸில் அவர் கணக்கு முடிந்திருந்தது. கவுன்ட்டரில் இருந்த அதிகாரியின் கணினியில் செவிஸ் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். பிறகுதான் எல்லா மாணவர்களையும் நுழையும்போதே செவிஸில் சரிபார்க்க உத்தரவு போட்டார்கள். உண்மையான பாதுகாப்பு வேலை என்றால் எனக்கு இதுதான்.

மதத்தையும் நாட்டையும் பார்த்து வலை வீசியதன் பலனையும் பாருங்கள். 2002-இல் தொடங்கி 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை வரிசையில் நிற்கவைத்துக் கைரேகை எடுத்தார்கள். வடகொரியா தவிர மற்றவை கிட்டத்தட்ட எல்லாம் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள். 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை பாய்ந்தது. பயங்கரவாதத்துக்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. தானாக வந்து பெயர் கொடுக்கிறவன் குண்டு வைக்கிறவனாக இருப்பானா?

டெக்சாஸில் 2011-இல் குண்டு செய்ய முயன்று சிக்கிய சவுதி மாணவர் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தவர். செவிஸ் எத்தனை கச்சிதமாக இருந்தாலும் அவர் அதில் அகப்பட்டிருக்க மாட்டார். அவர் வெடிபொருள் செய்ய உதவும் ஃபீனாலை ஆர்டர் செய்தபோது ரசாயனம் விற்கும் நிறுவனம் சந்தேகப்பட்டு எஃப்.பி.ஐ-க்குச் சொன்னது. மாட்டியது அப்படித்தான்.

2025 வசந்தத்தில் நடந்தது இன்னும் மோசம். சுமார் 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களைக் குற்றப் பதிவேட்டில் ஓட்டி, பெயர் பொருந்தியவர்களில் ஆயிரக்கணக்கானோரின் செவிஸ் பதிவை முடித்துவிட்டார்கள். போக்குவரத்து அபராதம், தள்ளுபடியான வழக்கு எல்லாமே 'குற்றம்' கணக்கில் சேர்ந்தன. நம் பிள்ளைகளும் நிறையப் பேர் மாட்டினார்கள். நீதிமன்றங்கள் வரிசையாகத் தடை போட்டதும் ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திரும்பக் கொடுத்தார்கள்.

பிள்ளையை அனுப்பியிருப்பவர்கள் விசாவையும் அந்தஸ்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விசா என்பது வாசலைத் திறக்கும் சீட்டு. உள்ளே இருப்பதற்கான அந்தஸ்தைத் தாங்குவது கல்லூரி தரும் ஐ-20 படிவமும் செவிஸ் பதிவும். விசா ரத்தானால் அந்தஸ்து தானாகப் போய்விடாது. ஆனால் நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்க அது காரணமாகலாம், வெளியே போனால் திரும்பி வர புது விசா வேண்டும். விசா ரத்து என்று வரும் கடிதத்தைப் பார்த்து அவசரமாக விமானம் ஏறாமல் முதலில் வக்கீலைப் பாருங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் சொல்ல வேண்டும். இளநிலை மாணவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போகக்கூடாது, அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் கணக்கில் சேரும். தவிர்க்க முடியாமல் ஒரு பாடத்தை விட வேண்டுமென்றால், அந்த அலுவலரின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். விட்ட பிறகு போய் விளக்கம் சொன்னால் எடுபடாது. பழைய ஐ-20 எதையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல் கையில் இருக்கட்டும்.