மியூசியத்திலிருந்து ஒரு பதிவு

ஞாயிற்றுக்கிழமை சேலம் ஐந்து ரோட்டில் நடந்த புரோகிராமர்கள் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்தக் கூட்டத்தின் 40 நொடி வீடியோவை நான்கு பேர் எனக்கே அனுப்பி, "அண்ணே, இது உங்களைத்தானே?" என்று கேட்டார்கள். ஆமாம், என்னைத்தான். பின்வரிசையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது நானேதான்.

இன்னும் ஜேக்வெரி (வெப் பக்க மொழியான ஜாவாஸ்கிரிப்டில் வேலையைச் சுலபமாக்குகிற பழைய தொகுப்பு) எழுதுகிறவர்களை மியூசியத்தில் உட்காரவைத்து டிக்கெட் போடலாம் என்று மேடையில் பேசிய தம்பி சொன்னார், அது ஜோக். ஜோக்குக்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை நான். ஆனால் அடுத்தாற்போல, புது ஃப்ரேம்வொர்க் (புரோகிராம் எழுத முன்கூட்டியே கட்டிவைத்த சட்டகம்) படிக்காதவன் வளர விரும்பாதவன் என்றாரே, அது ஜோக் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கமெண்டில் வந்து திரிக்காதீர்கள். புது ஃப்ரேம்வொர்க் படிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கையில் அதற்கு ஒரு வேலை இருந்தால் படியுங்கள். வேலையே இல்லாமல், ஊரெல்லாம் படிக்கிறது என்பதற்காகப் படித்தால் வீண். இவ்வளவுதான் என் கட்சி.

நானும் அப்படிப் படித்தவன்தான். 2014-ல் ஆங்குலர் ஜேஎஸ் என்கிற கூகுள் ஃப்ரேம்வொர்க். சனிக்கிழமை ராத்திரி புது பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு வண்டி ஏறி, ஞாயிறு முழுக்க வகுப்பில் உட்கார்ந்து, திரும்ப ராத்திரி வண்டி. திங்கள் விடிகாலை ஓமலூர் தாண்டும்போதுதான் கண் விழிப்பேன். ஐந்து மாதம். ஃபீஸ் 18,000 ரூபாய், வீட்டில் சொன்னது 8,000. ஸ்கோப், டைரக்டிவ், டைஜஸ்ட் சைக்கிள் என்று அதன் அடிப்படைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் அதே பெயர். ஜாவாஸ்கிரிப்டின் நீட்சியான டைப்ஸ்கிரிப்ட் மொழியில் அடியோடு திருப்பி எழுதியிருந்தார்கள், நான் மனப்பாடம் செய்த ஸ்கோப்பையே காணோம். பழைய ஆங்குலருக்கு 2021 டிசம்பர் 31-ஓடு கூகுளே கடையைச் சாத்தியது. அந்த ஐந்து மாதத்தில் எனக்கு மிச்சம் ஒரு ஸ்பைரல் நோட்டு. 2006-ல் வந்த ஜேக்வெரியை வைத்து நான் எழுதிய பக்கமோ இன்று காலை ஒன்பதரைக்கும் செவ்வாய்ப்பேட்டையில் பில் போட்டது. மியூசியம் திறந்தாச்சு, டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

எனக்குக் கடைசிவரை நின்ற பாடம் வேறு. 2012-ல் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். யாருக்கு எத்தனை கிராம் கட்டி வெள்ளி போனது, கொலுசாக எத்தனை திரும்பியது, டச் (வெள்ளியின் சுத்தம்) என்ன, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு. எடையை டேட்டாபேஸில் ஃப்ளோட் (எண்ணைத் தோராயமாக வைக்கிற வகை) என்று வைத்துவிட்டேன். முதலாளி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மாதக் கடைசியில் ஸ்க்ரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, பத்துக் கிலோ தாண்டுனா உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு மங்கிப்போகுதா?" 12345.678 கிராம் என்று அடித்த இடத்தில் 12345.7 என்று நின்றது. புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு எண்தான். மீதி வெள்ளிக்கு நான் என்ன பதில் சொல்வது? அன்று ராத்திரி பட்டறையிலேயே, பித்தளைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எண்ணைத் துல்லியமாக வைக்கிற டெசிமல் வகைக்கு மாற்றினேன். இது எந்த ஃப்ரேம்வொர்க் வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்டில் 0.30000000000000004 வருமே, இப்போது எல்லாரும் படிக்கிற ரியாக்டில் எழுதினாலும் அதுதான் வரும், ஜாவாஸ்கிரிப்டின் வேறு எந்த ஃப்ரேம்வொர்க்கில் எழுதினாலும் அதுதான் வரும்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காபிப் பழம் பறிக்கிற சீசனில் யார் எத்தனை கிலோ பறித்தார்கள், கூலி எவ்வளவு, அவ்வளவுதான் வேலை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி அங்கே போய்ப் பாருங்கள். மழை பிடித்துக்கொண்டால் நெட் வரும், போகும், பெரும்பாலும் போகும். ஆபீஸில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற பக்கம்தான் அங்கே சரிப்படும். உடனே ஒருவர் வருவார், சர்வீஸ் வொர்க்கர் வைத்தால் நெட் இல்லாமலும் ஓடுமே என்று. ஓடும். அது பிரௌசரில் இருக்கிற வசதி சார். அதற்கு எதற்கு ரியாக்ட்?

சரி, ரியாக்ட் தெரியாமல் இன்றைக்கு யார் வேலை தருகிறார்கள் என்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லூரி முடிக்கப்போகிற பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும், அவர்களுக்கு இன்டர்வியூ என்று ஒன்று இருக்கிறது. நான்தான் சொன்னேனே, வேலை இருந்தால் படி என்று. பழைய வெர்ஷனில் பாதுகாப்பு ஓட்டை இருக்கும் என்கிறார்கள். அதுவும் சரிதான், பார்க்கிறேன்.

ஆனால் சோம்பேறி என்று மட்டும் சொல்லாதீர்கள். சர்வரில் ஓடுகிற மொழியான பிஎச்பியில் 2015 டிசம்பரில் வந்த வெர்ஷன் 7, டேட்டாபேஸோடு பேசுகிற பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை மொத்தமாகத் தூக்கியெறிந்தது. பதினொரு பட்டறையின் புரோகிராமை வரிவரியாக மாற்றியது யார்? அப்போது என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டிலுக்குக் கீழே லேப்டாப் சார்ஜர், மடியில் லேப்டாப். நர்ஸ் வந்து திட்டும்வரை அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் இல்லை, வேண்டவும் வேண்டாம். ஆனால் வளர விரும்பாதவன் என்று மைக்கில் சொல்ல ஒருவருக்கு உரிமை வந்துவிடுகிறது. பெங்களூரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தால் சேலத்துக்காரன் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும் போல. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கியவர்களுக்கு ஒரு ஃப்ரேம்வொர்க் கண்டுபிடியுங்கள் தம்பி, நான் முதல் ஆளாக வந்து படிக்கிறேன்.

அந்தத் தம்பி மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. என்னை அவருக்குத் தெரியாது. வீடியோவில் 22-வது நொடியில் முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார், பாருங்கள். அவருக்கு என்னைத் தெரியும். தட்டுவடை செட் கடை பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட்டையும் பீட்ரூட்டையும் வைக்கிறார்களே, அதைக் காட்டித்தான் அவருக்கு டேபிள் ஜாயின், அதாவது டேட்டாபேஸில் இரண்டு டேபிளைச் சேர்ப்பது, சொல்லிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. தட்டுவடைக்கும் நான்தான் கொடுத்தேன். இன்றைக்கு பெரிய கம்பெனியில் இருக்கிறார், சந்தோஷம். சிரிக்கும்போது ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஃப்ரேம்வொர்க் பற்றித்தான் ஆரம்பித்தேன். கமெண்டில் எதற்கு அடுத்து எதைப் படிக்கணும் என்கிற ரோட்மேப் படம் போட நினைப்பவர்கள் தயவுசெய்து போடாதீர்கள், என்னிடமே மூன்று இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். அன்றைக்கு மண்டபத்து ப்ரொஜெக்டரில் பழைய விஜிஏ சாக்கெட்தான் இருந்தது, தம்பியின் புது லேப்டாப்பில் அது சேரவில்லை. பத்து நிமிஷம் எல்லாரும் முழித்தபோது பையிலிருந்து கன்வர்டர் எடுத்துக் கொடுத்தது நான். அந்த மியூசியம் ஸ்லைடு திரையில் தெரிந்ததே அதனால்தான். கன்வர்டர் இன்னும் திரும்பி வரவில்லை. யாராவது அவரை இங்கே டேக் பண்ணுங்கள். மண்டபத்துக்குக் கீழே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் என் பேரைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், வியாழக்கிழமை அந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.