ஆயிரம் வரியோடு நின்றது எஸ்க்யூஎல்லின் குற்றமா?

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை அன்றே சுருக்கமாக எழுதியிருந்தேன்; அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு விரிவாக எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் புகார்கள் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி மென்பொருளில் இருக்கின்றன; அதனிடம் எஸ்க்யூஎல்லில் (தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழி) கேட்டு எடுத்த புகார் அறிக்கையில், எல்லாப் புகார்களும் வராமல், சரியாக ஆயிரம் வரிகளே இருந்தன என்பது உண்மை. ஆனால் "தேடுபொறியிடம் போய் எஸ்க்யூஎல்லில் கேட்டால் இப்படித்தான் ஆகும்" என்று மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று இரவே அதே கேள்வியை கர்ல் என்ற கட்டளைக் கருவி மூலம் எலாஸ்டிக்சர்ச்சின் 9200 போர்ட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். எச்டிடிபி போஸ்ட் என்ற இணையக் கோரிக்கை, உள்ளே ஒரு சிறிய ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்), அதற்குள் எஸ்க்யூஎல்லின் ஒரு செலக்ட் வாக்கியம், அவ்வளவுதான். எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் ஃபெட்ச் சைஸ் எதையும் குறிப்பிடாவிட்டால் ஒரு தடவைக்கு ஆயிரம் வரிகள் வரும்; மீதி இருந்தால் கர்சர் என்ற நீண்ட எழுத்துச் சரமும் கூடவே வரும். அதைத் திருப்பி அனுப்பினால் அடுத்த ஆயிரம் கிடைக்கும். ஜேசனாகக் கேட்டால் கர்சர் பதிலின் உள்ளேயே இருக்கும். நாங்கள் கேட்டதோ காற்புள்ளியால் பிரித்த வரிகளான சிஎஸ்வி. அதில் கர்சர், பதிலுக்கு முன்னால் தனியாக வரும் எச்டிடிபி ஹெட்டரில் இருக்கும். ஹெட்டரையும் காட்டச் சொன்னதும், கர்சர் என்று தொடங்கும் அந்த வரி திரையில் வந்து நின்றது. எங்கள் நிரல் ஹெட்டரைப் படிக்கவே இல்லை. தவறு அங்கே இருக்கிறது, எஸ்க்யூஎல்லில் இல்லை.

எலாஸ்டிக்சர்ச்சின் சொந்தக் கேள்வி மொழியான க்வெரி டிஎஸ்எல்லில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்கிறார்கள். அதில் சைஸ் கொடுக்க மறந்தால் பத்தே பத்து ஆவணங்கள்தான் வரும். அப்போது டிஎஸ்எல்லையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்களா?

பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களுக்கும் பதில் சொல்கிறேன். இந்த வழியாகத் தரவைப் படிக்கலாமே தவிர, டெலீட், அப்டேட் எதுவும் செய்ய முடியாது. பயனர் தட்டியதை வாக்கியத்துக்குள் ஒட்டாமல், கேள்விக்குறி வைத்து மதிப்புகளைத் தனியாக அனுப்பவும் வசதி இருக்கிறது. வேகம் குறையும் என்பவர்கள் டிரான்ஸ்லேட் முகவரிக்கு அதே வாக்கியத்தை அனுப்பிப் பார்க்கட்டும். அது எந்த டிஎஸ்எல்லாக மாறுகிறது என்பதை எலாஸ்டிக்சர்ச்சே காட்டிவிடும். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டெக்ஸ்ட் வகைப் புலத்தை, மதிப்பை உடைக்காமல் முழுதாக வைக்கும் கீவேர்ட் இல்லாமல் குரூப் பை (ஒரே மதிப்புள்ளவற்றைத் தொகுத்தல்) செய்ய முடியாது என்பதும் சரியான குறைதான். நானே அதில் அரை நாள் தொலைத்திருக்கிறேன். ஆனால் புகார்களை மாதவாரியாக எண்ணுவதற்கு ஜாயின் எதற்கு?

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. எங்கள் ஆதரவுக் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார்; பத்து ஆண்டுகளுக்கு மேலாக எஸ்க்யூஎல் எழுதியவர். தேடுபொறிக்கு மாறியதும், ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் டெவலப்பர் ஒருவரின் மேசையருகே போய் நிற்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போகும் அந்த டிஎஸ்எல்லை அவருக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. ஒரு மதியம் நான்தான் உட்கார்ந்து, எஸ்க்யூஎல் கேள்விக்குப் பதில் வரும் ஃபார்மட்டை டிஎக்ஸ்டி (வெறும் உரை) என்று கொடுத்துக் காட்டினேன். கோடு போட்ட அட்டவணையாகப் பதில் வந்ததும், "இது எனக்குத் தெரிஞ்சதுதானே தம்பி" என்றார். அதன் பிறகு அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. 2018-இல் எலாஸ்டிக்சர்ச்சின் 6.3 பதிப்போடு வந்த வசதி இது. நேற்று முளைத்த விளையாட்டுப் பொருள் அல்ல.

இதைத்தான் கூட்டத்தில் குறுக்குவழி என்றார்கள், படிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வேலை என்றார்கள். அக்காவும் அதே அறையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹெட்டரைப் படிக்காத நிரலை எழுதியவர் அவர் இல்லை. ஆனால் அந்தச் சொல் விழுந்தது அவர் மேல்.

திங்கட்கிழமை காலையில் நிரலில் கர்சர் தீரும்வரை சுற்றும் ஒரு லூப்பைச் சேர்த்தேன், அறிக்கை முழுமையாக வந்துவிட்டது. அக்கா என் இடத்துக்கு வந்து, தான் சேமித்து வைத்திருக்கும் கேள்விகளை அழித்துவிட வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்கிறேன்.