ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்

பழைய சின்ன எஞ்சினைச் சரிபார்ப்பதைவிடப் புதியது வாங்குவதே லாபம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மாதக்கணக்கில் சும்மா நின்ற எஞ்சினில் பெரும்பாலும் கோளாறு கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் பகுதியில்தான் இருக்கும். பழைய பெட்ரோல் பிசினாக இறுகி, அதிலுள்ள ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளை உள்ள சின்னப் பாகம்) அடைத்துக்கொள்ளும். என் பம்ப் எஞ்சினைப் பிரித்து ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளையே தெரியவில்லை. கழுவி மாட்டினேன், மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டபோது வந்த சந்தோஷம் புதியதில் வராதுங்க.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம் குறைவாக இருந்தால், ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் கோளாறு வால்வில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில் (சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு). இரும்பு சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து (உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ், அதாவது சற்றுப் பெரிய பிஸ்டன் போடலாம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸையே பிளந்துவிட்டதா? அப்போது புதியது வாங்குங்கள்.